துருச் சுவைத் தண்ணீரும் உரம் படாத மலையும்

பெல்ஜியம் நாட்டின் கிழக்குப் பகுதியில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் ஸ்பா என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். நம் ஊர்களில் அழகு நிலையத்துக்கும் நட்சத்திர ஓட்டல் குளியலறைக்கும் ‘ஸ்பா’ என்று பலகை மாட்டுகிறார்களே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து கிளம்பியதுதான். ஆனால், ஊருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது குளியல் அல்ல, குடிநீர். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போலச் சுவைக்கும், இரும்பு மிகுந்த ஊற்று நீர்.

அந்த வட்டாரத்தின் பழைய மொழியான வலோனில் இத்தகைய ஊற்றைப் ‘பூஹோன்’ என்கிறார்கள். மொண்டு எடுப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஊருக்குள்ளும் சுற்றியுள்ள காட்டிலும் இப்படிப் பல ஊற்றுகள் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த நீரைப் புட்டியில் அடைத்து வெளிநாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பினார்கள். 2021இல் ஐரோப்பாவின் 7 நாடுகளைச் சேர்ந்த 11 நீர்நல நகரங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஸ்பாவும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது.

சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு வேடிக்கை. மண்ணையும் தண்ணீரையும் நம்பி வாழ்பவர்களுக்கோ இந்த ஊற்றுகளில் படிக்க நிறைய இருக்கிறது. ஊற்றைச் சுற்றி மட்டும் வேலி போடாமல், அதற்குத் தண்ணீர் தரும் மலை முழுவதையும் காப்பாற்ற நூறாண்டுக்கு மேலாக முயன்றுவரும் ஊர் இது.

காட்டு வழியே ஊற்றுகளுக்கு

லியேஜ் நகரத்திலிருந்து ஸ்பாவுக்கு ரயிலில் போகலாம். வழியில் பெப்பின்ஸ்டேர் என்ற சந்திப்பிலிருந்து ஒரு கிளைப் பாதை பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அந்தப் பாதையின் கடைசி நிலையத்துக்கே ஓர் ஊற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: ஸ்பா-ஜெரோன்ஸ்டேர்.

ஊரின் நடுவே, கோயில் மண்டபம் போல உயர்ந்த கூரையுள்ள ஒரு கட்டடத்துக்குள் முதல் ஊற்று இருக்கிறது. ‘மகா பீட்டர் பூஹோன்’ என்று பெயர். ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் 1717இல் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து தேடி ஸ்பாவுக்கு வந்து சில வாரம் தங்கினார். அதன் நினைவாக வைத்த பெயர் இது. இதில் ஒரு வேடிக்கை: அவர் குடித்துக் குணமானதாக அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்தது காட்டுக்குள் இருக்கும் ஜெரோன்ஸ்டேர் ஊற்றின் தண்ணீரைப் பற்றித்தான். பெயரைத் தட்டிச் சென்றதோ ஊர் நடுவில் இருக்கும் ஊற்று!

காட்டு ஊற்றுகளைப் பார்க்கத் தெற்கே மலை ஏற வேண்டும். ஓடைக்கரையோடு நடைபாதைகள் போகின்றன. பிஷரோத் என்ற சிற்றோடையை ஒட்டிச் செல்லும் பாதைக்கு ‘கலைஞர்கள் நடைபாதை’ என்று பெயர். கல்லிலிருந்து கல்லுக்குத் துள்ளி இறங்கும் தண்ணீர், இருபுறமும் பீச், ஓக் மரங்கள், இன்னும் மேலே போனால் ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரங்கள். குற்றாலத்துக்கு மேலே காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அந்த ஈர வாசனை பழக்கமானதாகவே இருக்கும். குளிர்தான் கூடுதல்.

பாரிசார், ஜெரோன்ஸ்டேர், சோவெனியேர், க்ரோஸ்பேக், தொன்னலே என்று ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒரு குணம். ஜெரோன்ஸ்டேர் ஊற்றில் அழுகிய முட்டை போல மெலிதாகக் கந்தக வாடை வரும். சோவெனியேர் ஊற்றருகே கல்லில் ஒரு பாதத் தடம் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெமாக்ல் என்ற துறவியின் தடம் அது என்பது நம்பிக்கை. குழந்தை வேண்டும் பெண்கள் அந்தத் தடத்தில் கால் வைத்துக்கொண்டு ஊற்று நீரைக் குடிப்பது பழைய வழக்கம். இரத்தச் சோகை உள்ள பெண்ணுக்கு இரும்பு உள்ள தண்ணீர் கொஞ்சம் தெம்பு தந்திருக்கலாம். நம்பிக்கைக்குப் பின்னால் அந்த அனுபவமும் இருந்திருக்கக்கூடும்.

ஊற்று வாயைப் பார்த்தாலே இரும்பு தெரிந்துவிடும். தண்ணீர் வரும் குழாயின் கீழே கல் முழுக்கச் செங்காவி படிந்திருக்கும். ஆனால், தம்ளரில் பிடித்தால் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். சிறு சிறு குமிழிகள் மேலெழும். வாயில் வைத்தால் சோடா போல லேசாகச் சுறுசுறுக்கும். அதன் பிறகுதான் இரும்புச் சுவை நாக்கில் ஏறும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானிய எழுத்தாளர் பிளினி, துங்ரி மக்களின் நாட்டில் குமிழியிடும் ஓர் ஊற்று உண்டு என்றும், குடித்து முடித்த பிறகே அதன் இரும்புச் சுவை தெரியும் என்றும் குறித்திருக்கிறார். அது எங்கள் ஊற்றுதான் என்று ஸ்பாவும், பக்கத்துத் தோங்கரன் நகரமும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. காட்டு ஊற்று என்றாலே கை நீட்டிக் குடித்துவிடக் கூடாது. குடிக்கத் தகுந்ததா என்ற அறிவிப்பு இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். இரும்பு மிகுந்த நீரை நிறையக் குடித்தால் வயிறும் கெடும்.

தெளிந்த நீர் சிவப்பது எப்படி?

ஸ்பாவுக்கு மேலே இருக்கும் மலைமேட்டில் மழையும் பனியும் பெய்து மண்ணில் இறங்குகின்றன. கீழே இருப்பது சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையான பாறை. படிகக் கல்லும் பலகைக் கல்லும் மாறி மாறி அடுக்கியது போன்ற அமைப்பு. பாறை தண்ணீரை உறிஞ்சாது. அதிலுள்ள வெடிப்புகளின் வழியேதான் நீர் ஆழத்துக்குப் போகிறது. பூமிக்கு அடியிலிருந்து கரியமில வாயு அந்த வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. கிழக்கே ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில் உள்ள பழைய எரிமலைகளோடு இந்த வாயுவுக்குத் தொடர்பு உண்டு என்று கருதும் நிலவியல் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

வாயு கரைந்த நீர் லேசான அமிலமாகிவிடுகிறது. ஆழத்தில் பிராணவாயு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் பாறையில் உள்ள இரும்பு தண்ணீரில் கரையும். கரைந்த இரும்புக்கு நிறம் கிடையாது. அதனால்தான் ஊற்றில் பிடித்தவுடன் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வெளியே வந்ததும் வாயு பறந்துவிடுகிறது, காற்றிலுள்ள பிராணவாயு உள்ளே போகிறது, கரைந்திருந்த இரும்பு கரையாத துருவாக மாறிக் கீழே படிகிறது. மாலையில் புட்டியில் பிடித்த நீர் மறுநாள் காலையில் மஞ்சளாகக் கலங்கி நிற்பது இதனால்தான். புட்டியில் அடைத்து விற்க நினைத்தவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பக்கத்து லியன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ப்ரூ ஊற்றின் நீரை இன்று புட்டியில் விற்கிறார்கள். அதில் இரும்பை முதலில் எடுத்துவிடுகிறார்கள். இயற்கைக் கனிம நீரில் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் ஐரோப்பியச் சட்டமே, இரும்பு, கந்தகம் போன்ற நிலையற்ற பொருள்களை மட்டும் காற்றோட்டம் கொடுத்து, தெளியவைத்து, வடிகட்டி நீக்கலாம் என்று அனுமதிக்கிறது. காற்று, தெளிவு, வடிகட்டி என்ற இந்த மூன்று சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் போர்வெல்லுக்கும் இவை தேவைப்படும்.

ஒரே மலை இரண்டு விதமான தண்ணீர் தருகிறது என்பது ஸ்பாவின் இன்னொரு விசேஷம். ஆழம் போகாமல் மேலாகவே ஓடிவந்து வெளிப்படும் ஊற்று நீரில் கரைந்திருக்கும் உப்பு மிகமிகக் குறைவு. ‘ஸ்பா ரென்’ என்ற பெயரில் விற்கும் அந்த நீரில் லிட்டருக்கு மொத்த உப்பே 33 மில்லிகிராம்தான். நம் ஊர்களில் ஆயிரத்தைத் தாண்டும் டிடிஎஸ் அளவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஆழம் போய் வாயுவோடு திரும்பும் நீரிலோ இரும்பு மட்டுமே லிட்டருக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டும் ஊற்றுகள் உண்டு.

இந்த இரும்பைக் கைத்தொழிலுக்கும் பயன்படுத்தினார்கள். மரத்தை ஊற்று நீரில் ஊறப்போட்டால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து சாம்பல் நிறம் ஏறும். அந்த மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய சிறு பெட்டிகள் ‘ஸ்பா மரப் பெட்டி’ என்று ஐரோப்பா முழுக்க விலை போயின. கடுக்காய்ச் சாறில் துருவைப் போட்டு மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இந்த ரகசியம் புதிதல்ல. போர்வெல் தண்ணீரில் போட்ட டீ கறுத்துப்போனாலோ, நெல்லிக்காய் ஊறிய தண்ணீர் மை போல மாறினாலோ, காரணம் இதே இரும்புதான்.

நம் போர்வெல்லில் அதே இரும்பு

மோட்டாரைப் போட்டவுடன் தெளிவாக வரும் தண்ணீர், தொட்டியில் நின்ற பிறகு செம்மஞ்சளாக மாறுகிறதா? துணி வெளுக்கும் கல்லில் காவிக் கறை ஏறுகிறதா? அப்படியானால் உங்கள் கிணறும் ஒரு சின்னப் பூஹோன்தான். ஆனால், ‘இரும்புச் சத்து உடம்புக்கு நல்லது’ என்று அதை அப்படியே குடிப்பது தவறு. இரும்போடு வேறு என்னவெல்லாம் கரைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பரிசோதனை செய்யாமல் குடிக்கக் கூடாது. இரத்தச் சோகைக்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது.

பயிருக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கலாம் என்பது உலக உணவு, வேளாண் நிறுவனத்தின் வழிகாட்டுதல். வாய்க்கால் பாசனத்துக்கு இதனால் பெரும்பாலும் தொல்லை வராது. தொல்லை வருவது சொட்டுநீரில்தான். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே டிரிப்பர் அடைக்க வாய்ப்பு தொடங்குகிறது, 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் குழாய்க்குள் செந்நிறக் கொழகொழப்பாக வளரும். துருத் துகளும் அந்தக் கொழகொழப்பும் சேர்ந்தால் லேட்டரல் குழாயையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

ப்ரூவில் செய்வதைத்தான் நாமும் செய்ய வேண்டும். போர்வெல் தண்ணீரை நேராக டிரிப்புக்கு விடாமல் ஒரு தொட்டிக்கு விட வேண்டும். அதுவும் குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கவிடாமல், உயரத்திலிருந்து பூவாளி போலச் சிதறி விழச் செய்ய வேண்டும். எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு காற்று கலக்கும். அவ்வளவு இரும்பு துருவாகும். இரவு முழுக்க நிற்கவிட்டு, மேல்மட்டத் தெளிவை மட்டும் எடுத்து, மணல் வடிகட்டி வழியாக அனுப்ப வேண்டும். தொட்டியின் அடியில் படியும் சேற்றை அவ்வப்போது திறந்துவிடத் தனி வாய் வைப்பது நல்லது. பெரும்பாலான தொட்டிகளில் இந்த வாயை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே அடைத்துப்போன குழாய்க்கு அமிலக் கழுவலும், பாக்டீரியாக் கொழகொழப்புக்குக் குளோரினும் பயன்படும். அளவை நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி வேளாண் பொறியியல் துறையினரிடமோ டிரிப் அமைத்தவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அமிலத்தையும் குளோரினையும் ஒரே நேரத்தில் செலுத்தவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். இரும்பு உள்ள நீரில் பாஸ்பேட் உரத்தைக் கரைத்து விட்டால் இரண்டும் சேர்ந்து படிவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நெல் வயலிலும் இந்த இரும்பின் விளையாட்டு உண்டு. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் பிராணவாயு தீர்ந்ததும் இரும்பு கரைகிறது. வடிகால் வசதி இல்லாத அமிலச் செம்மண்ணில் இது அளவு மீறினால், அடி இலைகளின் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் பரவி இலை வெண்கல நிறமாகும். நோய் என்று நினைத்துப் பூஞ்சணக்கொல்லி அடிப்பவர்கள் உண்டு. வயலை வடித்துக் காயவிடுவதும், சாம்பல் சத்துக் குறையாமல் பார்ப்பதும்தான் இதற்கு வழி. வடிகாலில் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் படலம். உடையாமல் வழுக்கி மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். ஸ்பா காட்டின் சதுப்போடைகளிலும் இந்த வானவில் படலத்தைப் பார்க்கலாம்.

மேட்டில் இருக்கும் பஞ்சு

ஸ்பா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊற்றுகளைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காடு முடிந்து, மால்ஷாம் என்ற திறந்த மேட்டு நிலம் வரும். ஆர்டென் மலையில் ‘ஓத் ஃபாஞ்’ என்று அழைக்கப்படும் பெரிய சதுப்பு மேட்டின் ஒரு பகுதி இது. அந்த மேட்டின் உச்சியான போத்ராஞ்ச் 694 மீட்டர். பெல்ஜியம் நாட்டிலேயே உயரமான இடம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை.

இங்கே மண்ணுக்குப் பதிலாகப் பீட் என்ற கரிச்சேறு இருக்கிறது. பாசி மக்காமல் பல ஆயிரம் ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தது. சில இடங்களில் பல மீட்டர் ஆழம். மழை பெய்தால் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே விடும்.

இந்த மேட்டை முன்பு யாரும் மதிக்கவில்லை. தரிசு நிலத்தை வருமானம் தரும் நிலமாக்க வேண்டும் என்று பெல்ஜியம் 1847இல் சட்டமே போட்டது. அதன் பிறகு சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மரத்துக்காக ஸ்ப்ரூஸ் நட்டார்கள். அப்போது அது முன்னேற்றம். நம் மலைகளில் புல்வெளிச் சோலைகளை அழித்துச் சீகை மரமும் தைல மரமும் நட்ட கதைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. வடித்த சதுப்பு காய்ந்தது, பஞ்சு சுருங்கியது. 1957இல் மேட்டின் ஒரு பகுதி இயற்கைக் காப்பகமானது. 2007 முதல் 2012 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஒரு பெரிய மீட்பு வேலை நடந்தது. ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி எடுத்தார்கள். தாத்தா காலத்தில் வெட்டிய வாய்க்கால்களைப் பேரன் காலத்தில் மண் கொண்டு அடைத்தார்கள். வெட்டவும் செலவு, அடைக்கவும் செலவு.

ஸ்பா வழியே ஓடும் வையாய் ஓடை ஓய்ன்யாற்றில் கலக்கிறது. ஓய்ன்யாறு பெப்பின்ஸ்டேரில் வெஸ்த்ர ஆற்றோடு சேர்கிறது. 2021 ஜூலை மாதம் பெய்த பெருமழையில் அந்த வெஸ்த்ர பள்ளத்தாக்குதான் நாட்டிலேயே மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. பெப்பின்ஸ்டேரில் வீடுகள் இடிந்து ஆற்றோடு போயின. அந்த மழையைச் சதுப்பு மேடு மட்டும் தடுத்திருக்க முடியாதுதான். இருந்தாலும், மேட்டில் வடிகால் வெட்டியதும், பள்ளத்தில் கரையோரம் வீடு கட்டியதும் சரியா என்ற விவாதம் அங்கே வலுத்தது.

ஊற்றுக்கு ஓர் எல்லைக்கோடு

மேட்டில் கொட்டுவது ஊற்றில் வரும் என்பதை ஸ்பா ஊர்க்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1889இல் ஊற்றுகளைச் சுற்றி முதல் பாதுகாப்பு எல்லையை வரைந்தார்கள். அன்றைக்கு அது மிகச் சிறிய வட்டம். இன்று அது சுமார் 13,000 ஹெக்டேர், அதாவது 32,000 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. ஊற்று இருக்கும் ஊரை விட, ஊற்றுக்குத் தண்ணீர் தரும் மலைக்கே முக்கியத்துவம்.

அந்த எல்லைக்குள் ரசாயன உரத்துக்கும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிக்கும் இடமில்லை. பனிக்காலத்தில் சாலை வழுக்காமலிருக்க ஐரோப்பா முழுக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பும் ஊற்றில் இறங்கும் என்பதால் அதற்கும் கட்டுப்பாடு. வீட்டுச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டி கசிந்தால் ஊற்றுக்கு ஆபத்து என்று அதையும் கவனிக்கிறார்கள். ஊற்றுகள் நகராட்சிக்குச் சொந்தம். தண்ணீரைப் புட்டியில் அடைக்கும் ஸ்பா மோனோபோல் நிறுவனம் 1921இல் தொடங்கப்பட்டது. அது நகராட்சியிடம் குத்தகை உரிமை பெற்று அதற்குப் பணம் கட்டுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பாவின் நீர்பிடிப்புப் பகுதியில் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். அதில் நிறைய பொது நிலம். உரம் போடாதே என்று காட்டிடம் சொல்வது எளிது. வயல் வைத்திருப்பவரிடம் சொன்னால், ‘என் விளைச்சல் குறைந்தால் யார் தருவார்?’ என்றுதான் முதலில் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, ஸ்பாவிலிருந்து தெற்கே பிரான்ஸ் நாட்டின் வோஜ் வட்டாரத்துக்குப் போக வேண்டும்.

விவசாயிக்குக் கொடுத்த விலை

வித்தேல் என்ற ஊரின் கனிம நீர் ஊற்றில் இரும்பு பிரச்சினையில்லை, நைட்ரேட் பிரச்சினை. ஊற்றுக்குத் தண்ணீர் தரும் சுமார் 5,000 ஹெக்டேர் நிலம் விவசாயிகளுடையது. முன்பு புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள், காலப்போக்கில் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடத் தொடங்கினார்கள். உரமும் சாணக் குழிகளின் கசிவும் மண்ணில் இறங்கின. 1980களில் ஊற்றில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. சாதாரணக் குடிநீருக்கு ஐரோப்பா லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. வித்தேல் நிறுவனமோ தன் ஊற்றில் 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தது. அதன் வியாபாரமே அந்த எண்ணில்தான் இருந்தது.

நிலத்தையெல்லாம் வாங்கிவிடலாமா, வழக்குப் போடலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். எதுவும் முழுத் தீர்வாகத் தெரியவில்லை. பிரான்ஸின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவன அறிஞர்கள் 1989 முதல் அங்கே தங்கி, விவசாயிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பண்ணையின் கணக்கையும் போட்டார்கள். பிறகு 1992இல் அக்ரிவேர் என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. பேரம் பேசி முடிக்க ஏறக்குறைய பத்தாண்டு பிடித்தது.

விவசாயிகள் ஒத்துக்கொண்டது: மக்காச்சோளத்தைக் கைவிடுவது, பூச்சிக்கொல்லியைத் தொடாமலிருப்பது, ஹெக்டேருக்கு ஒரு மாடு என்ற அளவைத் தாண்டாமலிருப்பது, சாணத்தை மக்கவைத்துக் கம்போஸ்டாக மட்டுமே போடுவது. அவர்கள் வாங்கிக்கொண்டது: ஐந்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 200 யூரோ, கொட்டகை, எந்திரம் புதுப்பிக்கப் பண்ணை ஒன்றுக்கு 1,50,000 யூரோ வரை, நிறுவனம் வாங்கிய நிலத்தை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை, நிலம் வாங்கப் பட்ட கடனில் நிவாரணம், கம்போஸ்ட்டை வயலில் இறைக்கும் கூலி முழுவதும் நிறுவனத்துடையது. ஒப்பந்தக் காலம் 18 அல்லது 30 ஆண்டு. 2004ஆம் ஆண்டுக்குள் அங்கிருந்த 26 பண்ணைகளும் சேர்ந்துவிட்டன. 1,700 ஹெக்டேரில் மக்காச்சோளம் மறைந்து புல்லும் தீவனப் பயிரும் வந்தன.

இந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பணம் அல்ல, வேலையின் வரிசை. முதலில் பண்ணைக்கு எவ்வளவு நட்டம் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகே ‘மாறுங்கள்’ என்று கேட்டார்கள். நம்மூரில் பெரும்பாலும் முதலில் ஆலோசனை வருகிறது, கணக்கு வருவதே இல்லை.

வித்தேலை முழு வெற்றி என்று சொல்லிவிடவும் முடியாது. தண்ணீரின் தரத்தைக் காத்தார்களே தவிர, அளவைக் காக்கவில்லை. அதே வட்டாரத்தின் ஆழ்நிலத்தடி நீரைப் புட்டி நிறுவனமும் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையும் ஊர்களும் சேர்ந்து உறிஞ்சியதில் நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கியது. ஊர்மக்களுக்கு வேறிடத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவரலாம் என்ற யோசனை வந்தபோது, ‘ஊற்று எங்கள் ஊரில், குழாய்த் தண்ணீர் எங்களுக்கா?’ என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த யோசனை கைவிடப்பட்டது.

நம் மலைகளில்

நீலகிரியிலும் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் ஊற்றை நம்பி வாழும் ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. ஊற்றுக்கு மேலே தேயிலையோ காபியோ மலைக்காய்கறியோ இருக்கும். மழைக்கு முன் போட்ட யூரியா கீழே இருக்கும் ஊற்றில்தான் வந்து சேரும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அமைப்பு நீலகிரி ஊற்றுகளைக் கணக்கெடுத்துக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. மலை வட்டாரங்களில் பணியாற்றும் விரிவாக்க அலுவலர்கள் அவர்களோடு பேசிப் பார்க்கலாம்.

ஊற்றைக் கவனிக்கத் தொடங்க எந்த எந்திரமும் வேண்டாம். பத்து லிட்டர் வாளி ஒன்றை ஊற்று வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பக்கத்திலேயே அந்த மாதத்து மழை அளவையும், ஊற்றுக்கு மேலே உள்ள தோட்டங்களில் எப்போது என்ன உரம் போட்டார்கள் என்பதையும் குறியுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாக, ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து நைட்ரேட், இரும்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு அளவு சரியாகத் தெரிய வேண்டுமானால் புட்டியைக் காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் இரும்பு அடியில் படிந்துவிடும்.